வேலைக்கு நடுவே ஒரு கேள்வி

மன அமைதிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு, ரமண மகரிஷி சொன்ன ஆத்ம விசாரம், அதாவது 'நான் யார்?' என்று தனக்குள்ளேயே ஆராய்வது, கைகொடுக்கும். 1896இல், 16 வயதில் திருவண்ணாமலை வந்தவர், 1950இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். தம்மிடம் வந்த குடும்பஸ்தர்களை வீட்டை விட்டு வரச் சொல்லவில்லை; இருக்கும் இடத்திலேயே விசாரம் செய்யச் சொன்னார். அவரே விடியுமுன் ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கியவர்தான். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

செய்முறை எளிது. பால் பொங்கி வழிகிறது, பிள்ளை அடம்பிடிக்கிறது, உள்ளே கோபம் கிளம்புகிறது. கோபத்தை அடக்கவும் வேண்டாம், அதற்கு நியாயம் தேடவும் வேண்டாம். "இது யாருக்கு வந்தது?" என்று கேளுங்கள். "எனக்கு" என்று பதில் வரும். உடனே "அந்த நான் யார்?" என்று கேட்டு, 'நான்' என்ற உணர்வு எங்கிருந்து எழுகிறதோ அங்கே கவனத்தைத் திருப்புங்கள். வார்த்தையில் விடை தேடத் தொடங்கினால் மனம் மறுபடி ஓடிவிடும். இதை மந்திரம்போல உருப்போடவும் வேண்டாம், அவர் அப்படிச் சொல்லவில்லை.

எண்ணம் திரும்ப வரத்தான் செய்யும். வரும்போதெல்லாம் மறுபடி கேட்க வேண்டியதுதான். தொடக்கத்தில் பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது பழகுங்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம், அப்போது கவனம் சாலையில் இருக்கட்டும்.