‘இட்ஸ்’ எழுதும்போது நடுவில் குறி போடுவதா, விடுவதா?

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர்களும், ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்கு ஆங்கிலக் கட்டுரை பழகும் பிள்ளைகளும் தடுமாறும் இடம் ஒன்றுதான். ‘இட்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் அப்போஸ்ட்ரபி என்ற மேல்குறி (’) வருமா, வராதா?

சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்து வாசித்துப் பாருங்கள். பொருள் சரியாக வந்தால் குறி போடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். ‘ட்ரிங்கோ இஸ் ஃபேமஸ் ஃபோர் இட்ஸ் ஹார்பர்’ என்பதை விரித்தால் ‘ஃபோர் இட் இஸ் ஹார்பர்’ என்று உளறலாகிவிடும். இங்கே சொல்ல வந்தது ‘அதன் துறைமுகம்’, ஆகவே குறி கிடையாது. மார்கழி மழையைப் பார்த்து ‘இட்ஸ் ரெய்னிங்’ என்று எழுதினால் ‘இட் இஸ் ரெய்னிங்’ அழகாகப் பொருந்துகிறது. அங்கே குறி கட்டாயம்.

குழப்பம் வருவதில் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ‘ஹோட்டல்ஸ் கார்டன்’ என்று ஒரு ஹோட்டலின் தோட்டத்தைச் சொல்லக் குறி போடச் சொல்லித் தருகிறோம். ஆனால் அந்த விதி பெயர்ச்சொல்லுக்குத்தான். ஹேர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ் போன்ற உடைமைப் பிரதிப்பெயர்கள் எதிலும் குறி வராது.

யுவர், தெயர் இரண்டுக்கும் இதே சோதனைதான்: ‘யூ ஆர்’, ‘தே ஆர்’ என்று விரித்துப் பாருங்கள், பொருந்தினால்தான் குறி போட்ட சுருக்க வடிவம். ‘யூ ஆர் ரூம் இஸ் ரெடி’ என்று வாசித்தால் பிழை காதிலேயே கேட்டுவிடும். அப்புறம், வேலை விண்ணப்பத்தில் சுருக்க வடிவமே வேண்டாம். ‘ஐ ஆம்’ என்று முழுதாக எழுதுங்கள்.