சொல்லாத சொற்களைக் குறித்து வைப்பது எப்படி?

மலேசியாவின் சபா மாநிலத்தில் வாழும் துசூன் மக்களிடையே மாமனார், மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் இருந்ததை அறியும் தருமபுரிக்காரருக்கு அது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது. பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ரேஷன் கடையில் கணவர் பெயரைக் கேட்டால், வயதான அம்மா ஒருவர் பதில் சொல்லாமல் பக்கத்தில் நிற்கும் பேத்தியைப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்தத் தலைமுறை நம்மோடு இருக்கும்போதே இவ்வழக்கங்களை எழுதி வைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

முதலில், விலக்கிய பெயரை விலக்கியவர் வாயாலேயே சொல்ல வைக்க முயலாதீர்கள். “தாத்தா பேர் என்ன ஆயா?” என்பதைவிட “தாத்தாவை எப்படிக் கூப்பிடுவீங்க?” என்ற கேள்வியே பயன் தரும். ‘எங்க வூட்டுக்காரர்’, ‘பெரியவன் அப்பா’ போன்ற மாற்றுச் சொற்கள்தாம் நாம் தேடுபவை. கணவர் பெயரை வேறொருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். விலக்கு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதையும் விசாரியுங்கள்: அரூரை அடுத்த தீர்த்தமலையின் பெயரால் தீர்த்தகிரி என்று அழைக்கப்படுபவரின் மனைவி, அந்த மலைக்குப் போய்வந்ததை எந்தச் சொல்லால் சொல்வார்?

தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன். ஆனால் அந்தப் பெயர் அவன் தாய்க்கு மாமனார் பெயர். பெற்ற பிள்ளையையே அவளால் அப்பெயரால் கூப்பிட முடியாது. ஆகவே ஒருவருக்குத் தாத்தா வழிப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளியில் எழுதிய பெயர் என மூன்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றையும் யார் சொல்வார், யார் சொல்லமாட்டார் என்று எதிரே குறியுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டு மொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருந்தால், காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதுங்கள். தமிழாக்கித் திருத்த வேண்டாம்.

குப்பன், குப்பம்மாள், பிச்சை போன்ற பெயர்களிடம் வரும்போது மிகவும் மெதுவாகச் செல்ல வேண்டும். முன்பு பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தோ, தவிட்டுக்கு விற்று வாங்கியோ, எமன் கண்ணில் படாதபடி மதிப்பற்ற பெயரை வைப்பார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு தாயின் துக்கம் இருக்கிறது. “ஏன் இப்படிப் பேர் வைத்தார்கள்?” என்று கேட்பது காயப்படுத்தும், “உங்களுக்கு முன்னே எத்தனை பேர் பிறந்தாங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். குப்புசாமி என்று பெற்றோர் வைத்த பெயரை, சாதித் திமிரில் ஊரார் ‘குப்பன்’ என்று குறுக்கியதும் உண்டு. அது வழக்கமல்ல, இழிவு. அங்கே அவருடைய முழுப்பெயரையே எழுதுங்கள்.

அடுத்துப் பொதுச்சொற்கள். இரவில் பாம்பு ‘பூச்சி’ ஆகும். விளக்கை ‘அணை’ என்னாமல் ‘குளிர வை’ என்பார்கள். அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கு’ என்பார்கள். விடைபெறுபவர் ‘போறேன்’ என்னாமல் ‘போயிட்டு வரேன்’ என்பார். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் யானையை என்னவென்று குறிப்பிடுகிறார்கள் என்று அங்குள்ளவர்களிடமே கேளுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். பகலிலா இரவிலா, யார் முன்னிலையில் என்பதையும் சேர்க்க வேண்டும். ஏனெனில், அதே பாம்பைப் பகலில் தயங்காமல் பாம்பு என்றே சொல்வார்கள்.

தொகுத்தவற்றை வகைப்படுத்த நன்னூலே உதவும். ஒன்றை அதற்குரிய சொல்லால் சொல்லாமல் தகுதியான வேறு சொல்லால் சொல்வதே தகுதி வழக்கு; பவணந்தி முனிவர் அதை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார். அவையில் சொல்லக் கூசுவதை மறைப்பது முதலாவது, மங்கலமற்றதை மங்கலமாகச் சொல்வது இரண்டாவது, ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவது மூன்றாவது. மாமனார் பெயரை விலக்குவது இம்மூன்றிலும் சரியாக அடங்காது என்பது என் கருத்து. அதற்கெனத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள்.

எழுதி முடித்ததும் சொன்னவருக்கே முழுவதும் படித்துக் காட்டுங்கள். வெளியாருக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் சொல்லும் வரிகளை அவர் கண்முன்னேயே அடித்துவிட்டு, ஒரு நகலை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.