பள்ளி டீமா, அகாடமியா? கால்பந்து ஆடும் பிள்ளையோடு நியூ ஜெர்சிக்கு வருகிறவர்களுக்கு

ஆகஸ்ட் பிற்பாதிக்குள் ஊரிலிருந்து இங்கே வந்துவிடுங்கள். கால்பந்து ஆடுகிற பிள்ளையோடு நியூ ஜெர்சிக்குக் குடிவரும் எந்தக் குடும்பத்திடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இங்கே உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடிகிற ஆட்டம். பள்ளி திறப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் வெயிலில், டீம் தேர்வு முடிந்துவிடும். அதற்கு டிரை-அவுட் என்று பெயர். "ஸ்கூல் திறந்ததும் கேட்டுக்கலாம்" என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

நாங்கள் வந்தது ஜூலையில். மகன் ஒன்பதாம் வகுப்பு. டிரை-அவுட் தேதி தெரிந்திருந்தது, ஆனால் மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஒன்று வேண்டும் என்பது தெரியாது. அந்தப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து இல்லாமல் மைதானத்தில் கால் வைக்க விடமாட்டார்கள். முதல் நாள் காலையில், புதுக் கிளீட்ஸ் மாட்டிக்கொண்டு, ஷின் கார்டுக்கு மேல் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பி வேலிக்கு வெளியே நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தான். எனக்கு இன்னும் அது மனசை விட்டுப் போகவில்லை. வழக்கமான டாக்டரிடம் இடம் கிடைக்காவிட்டால் அர்ஜென்ட் கேர் என்கிற, முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய மருத்துவ மையங்களிலேயே இந்தப் பரிசோதனை செய்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. மறுநாள் உள்ளே போனான்.

இனி பெரிய கேள்விக்கு வருவோம். நம் ஊரில் நன்றாக ஆடுகிற பையனைப் பள்ளி டீமில் தேடுவோம். இங்கே அப்படி இல்லை. பையன்களில் மிகச் சிறந்தவர்கள் பலர் தங்கள் பள்ளிக்கு ஆடுவதே இல்லை. பள்ளிக்கு வெளியே கிளப்புகள் நடத்தும் அகாடமிகளில்தான் ஆடுகிறார்கள். 2007-இல் அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் டெவலப்மென்ட் அகாடமி என்ற அமைப்பைத் தொடங்கியது. 2012-இல் அதைப் பத்து மாத சீசனாக்கி, அதில் ஆடும் பையன்கள் பள்ளி டீமில் ஆடக்கூடாது என்று விதி போட்டது. ஐரோப்பாவில் போல வருடம் முழுக்க ஒரே பயிற்சி முறையில் வளர வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2020-இல் கோவிட் காலத்தில் அந்த அமைப்பையே மூடிவிட்டார்கள். அதே வருடம் அந்த இடத்துக்கு, எம்.எல்.எஸ். என்ற தொழில்முறை லீக் நடத்தும் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் வந்தது. அதன் மேல் தட்டில் பள்ளி ஆட்டத்துக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஈ.சி.என்.எல். என்ற இன்னொரு லீக் 2009-இல் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, 2017-இல் பையன்களையும் சேர்த்துக்கொண்டது. அதில் பள்ளிக்கும் ஆடலாம். பெண் பிள்ளைகளுக்கு இந்த இழுபறி அவ்வளவு கடுமையாக இருக்காது.

ஒரே கிளப்புக்குள் டீமுக்கு டீம் விதி மாறும் என்பதை நன்றாக மனதில் வையுங்கள். எங்களை ஒரு கிளப்பில் கூப்பிட்டார்கள். "நெக்ஸ்ட்", "பாத்வே" என்று பேச்சு முழுக்க அதுவே. முன்பணம் கட்டிய பிறகுதான், மகனைச் சேர்த்தது நான்காவது வரிசை டீம், அது ஆடுவது வேறொரு சாதாரண லீக் என்று தெரிந்தது. பணம் திரும்பி வரவில்லை. அதனால் மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள்: எந்த டீம், எந்த லீக், பள்ளிக்கு ஆட அனுமதி உண்டா. வாயால் சொன்னது போதாது.

பணம் என்றால் சிறு பணமில்லை. ஊர் ஊராகப் போய் ஆடும் சாதாரணக் கிளப்புக்கே வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதோடு வெளிமாநிலப் போட்டிகளுக்கு ஓட்டல், பெட்ரோல். பள்ளி டீமில் இந்தச் செலவெல்லாம் கிடையாது, வெளியூர் ஆட்டத்துக்குப் பள்ளி பஸ்ஸே கூட்டிப்போகும். வீட்டில் ஒரே கார், துணைவருக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை என்கிற முதல் வருடத்தில் அந்த மஞ்சள் பஸ்ஸின் அருமை தெரியும். அகாடமி என்றால் வாரத்தில் மூன்று நான்கு மாலை, போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். பையன் காரிலேயே டிபன் பாக்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டு, அங்கேயே கணக்கும் போடுவான்.

தொழில்முறை கிளப்புகள் தாங்களே நடத்தும் அகாடமி வேறு ரகம். நம் பக்கத்தில் நியூயார்க் ரெட் புல்ஸ், பிலடெல்பியா யூனியன் இரண்டும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. பிலடெல்பியா யூனியன் பையன்களுக்கென்று தனிப் பள்ளியே இருக்கிறது. அங்கிருந்து கூப்பிட்டால் நான் யோசிக்காமல் போகச் சொல்வேன். ஆனால் அப்படிக் கூப்பிடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளைத்தான். காசு கட்டிச் சேரும் கிளப் ஒன்று "அகாடமி" என்று பலகை மாட்டியிருப்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த மாநிலத்துப் பையன்கள் இருவரைப் பாருங்கள். மெட்ஃபோர்டில் வளர்ந்த பிரெண்டன் ஆரன்சன் யூனியன் அகாடமி வழியாகவே வந்து, 2019-இல் அந்தக் கிளப்பின் முதல் டீமில் ஆடி, பிறகு ஆஸ்திரியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார். பார்க் ரிட்ஜைச் சேர்ந்த மேட் டர்னர் கால்பந்துக்கு வந்ததே தாமதமாகத்தான். பள்ளி டீமில் கோல்கீப்பர், பிறகு ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகம். தொழில்முறை கிளப்புகளின் தேர்வில் அவரை யாரும் எடுக்கவில்லை. 2022 உலகக் கோப்பையில் அமெரிக்காவின் எல்லா ஆட்டத்திலும் கோலைக் காத்தது அவர்தான். அகாடமியில் சேராவிட்டால் கதவு மூடிவிட்டது என்று சொல்கிற கோச்சிடம் டர்னர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பதினான்கு, பதினைந்து வயதில் நாடு மாறி வந்த பிள்ளைக்கு முதல் வருடம் பள்ளி டீம்தான் வேண்டும். மதிய உணவுக் கூடத்தில் யாரோடு உட்காருவது என்று தெரியாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கொடுமையைப் பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லமாட்டார்கள். டீமில் இருக்கிற பையனுக்குப் பள்ளி திறக்கும்போதே இருபது பேரைத் தெரியும். என் மகன் அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கான ஃபிரெஷ்மேன் டீம்தான். இரண்டாம் வரிசை டீமான ஜே.வி. கூட இல்லை, பள்ளியின் முதல் டீமான வார்சிட்டி எட்டாத உயரம். ஆனால் ஆட்டத்துக்கு முந்தின இரவு யாராவது ஒருவர் வீட்டில் டீம் மொத்தமும் பாஸ்தா சாப்பிடுவது இங்கே வழக்கம். எங்கள் முறை வந்தபோது மனைவி பெரிய அலுமினிய டிரே இரண்டு நிறையப் பாஸ்தாவும், சும்மா ஓரமாக ஒரு டிரே எலுமிச்சைச் சாதமும் வைத்தாள். முதலில் காலியானது சாதம். அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூட வராந்தாவில் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. அவன் பெயரைச் சரியாகவே சொன்னார்கள்.

கல்லூரி உதவித்தொகைக்காக அகாடமியில் சேர்க்கிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவுக் (டிவிஷன் 1) கல்லூரிகளில் ஆண்கள் டீமுக்கு வெகுகாலம் மொத்தமே 9.9 முழு உதவித்தொகைக்கு ஈடான பணம்தான், அதை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025-இல் விதி மாறி, புது முறையை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு போய் டீமுக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும், ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. கிளப்புக்குக் கட்டுகிற பணத்தைச் சேமித்தாலே படிப்புச் செலவில் ஒரு பகுதி வந்துவிடும். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கல்லூரிக் கோச்சுகள் பிள்ளைகளைத் தேடி வருவது பெரும்பாலும் கிளப் போட்டிகளுக்குத்தான். பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15-க்குப் பிறகுதான் முதல் பிரிவுக் கோச்சுகள் பிள்ளையோடு நேரடியாகப் பேசலாம். ஆகவே உண்மையிலேயே அந்தத் தரத்தில் ஆடுகிறவனுக்கு இரண்டாவது வருடத்தில் கிளப் பற்றி யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

காகித வேலை. ஊரிலிருந்து வரும்போது ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பெட்டியில் வையுங்கள். கல்லூரி விளையாட்டுத் தகுதிக்கு ஒன்பதிலிருந்தே பார்ப்பார்கள். பதினெட்டு வயதுக்குள் நாடு மாறிய ஆட்டக்காரரை, பெற்றோர் இடம் மாறியது கால்பந்துக்காக அல்ல என்று காட்டினால் கிளப்பில் பதிவு செய்ய, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி இடம் தருகிறது. அதற்கு உங்கள் வேலைக் கடிதம், விசா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்கலாம், சில வாரம் பிடிக்கும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளை காசு வாங்கிக்கொண்டு ஆட முடியாது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் தொழில்முறை ஒப்பந்தம் என்ற பேச்சு வந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள்.

வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் மாதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவின் பெரும்பாலான பகுதிகளிலும் பள்ளிக் கால்பந்து குளிர்காலத்தில், ஜார்ஜியாவில் வசந்தத்தில். கலிஃபோர்னியாவில் பள்ளி சீசன் நடக்கும்போது வெளிக் கிளப்புக்கு ஆடக்கூடாது. கிளப் தேர்வுகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் முடிந்துவிடுவதால், கோடையில் வந்திறங்குகிற குடும்பத்துக்கு அந்த வருடம் பள்ளி டீம்தான் கையில் இருக்கும் வழி.

வீட்டு முகவரி உறுதியானதும், சேர்க்கை முடியும் வரை காத்திருக்காமல், பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெடிக் டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பிள்ளையின் வகுப்பு, பிறந்த தேதி, மைதானத்தில் எந்த இடத்தில் ஆடுவான் என்று நான்கு வரி போதும். டிரை-அவுட் தேதியும் மருத்துவப் படிவமும் கேளுங்கள். படிவம் வந்ததும் அச்செடுத்து அன்றைக்கே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.