அச்சுக்குக் கொடுக்கும் முன் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

நோட்டீஸோ பேனரோ அடிக்கக் கொடுக்கும் முன், டிசைனைப் போனில் போட்டோ எடுத்து சாச்சுரேஷனை (நிறச் செறிவை) முழுக்கக் குறைத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து பின்னணியோடு கலந்து மங்கினால் அச்சடிக்க வேண்டாம்.

எழுத்தின் விளிம்பைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிர், அடர் வித்தியாசத்தை வைத்துத்தான். பச்சை மேல் சிவப்பு, திரையில் பளிச்சென்றுதான் இருக்கும். இரண்டும் ஒரே அளவு அடர்த்தி என்றால் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல். அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவரால் படிக்கவே முடியாது. பச்சையை நன்றாக வெளிறச் செய்தாலே போதும், நிறத்தையே மாற்ற வேண்டியதில்லை. மஞ்சள் மேல் கறுப்பு என்றால் கவலையே வேண்டாம்.

நிறங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை இது சொல்லாது. வாசலில் போடும் வண்ணக் கோலம் மாதிரி, நிறமே பேச வேண்டிய வேலைக்கு இந்தச் சோதனை உதவாது.