கன்வெர்ட்டரைக் கழற்றுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்த மெக்கானிக்குகள் மிகச் சிலரே இருந்தனர். இன்று என்ஜின் கணினி பதிவுசெய்யும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாத பட்டறை அரிது. ஆயினும் எங்கள் தலைமுறையினர் தட்டுத்தடுமாறிக் கற்ற காலத்தில் செய்த அதே பிழைகளை, ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டே இன்றைய பிள்ளைகளும் செய்கிறார்கள். சூடான சைலன்சரைத் தொடக் கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பி 0420 என்று வந்தவுடன் கன்வெர்ட்டரை மாற்றுவது

இந்த ஒரு தவறைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது, ஏனெனில் இதற்கான விலையை மெக்கானிக் கொடுப்பதில்லை, கார்க்காரர்தான் கொடுக்கிறார். கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருப்பதால், சிறிய காருக்குக்கூட அது பல்லாயிரம் ரூபாய்ச் செலவு.

அந்தக் குறியீடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்திருப்பதாக என்ஜின் கணினி கருதுகிறது. கணினி எதை வைத்துக் கருதுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர் ஆக்சிஜனைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொண்டு செலவிடுவதால், பின்னால் உள்ள சென்சார் 0.6 அல்லது 0.7 வோல்ட் அளவில் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் ஏறி இறங்கத் தொடங்கினால்தான் குறியீடு பதிவாகிறது. (முன்புறம் ஏர்-ஃப்யூவல் வகை சென்சார் உள்ள கார்களில் முன் அளவு வேறு விதமாக இருக்கும், அங்கே பின் சென்சாரை மட்டும் கவனிக்கவும்.) ஆனால் பின் சென்சாருக்கு முன்னே குழாயில் ஒரு மெல்லிய விரிசலோ, தேய்ந்த கேஸ்கெட்டோ இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் அதே குறியீடு வரக்கூடும்.

கன்வெர்ட்டரே கெட்டிருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. அது பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை, அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும்போது, அதாவது ஏதேனும் ஒரு சிலிண்டர் சரியாக எரியாதபோது, எரியாத பெட்ரோலும் காற்றும் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன. வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் தேன்கூடு, ஏறத்தாழ 1,400 டிகிரியை எட்டும்போது உருகி ஒட்டிக்கொள்கிறது. என்ஜின் ஆயில் எரிந்தால், அதில் உள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலற்றதாக்குகின்றன. இவற்றைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்துவது, ஒழுகும் கூரையை அப்படியே விட்டுவிட்டு நனைந்த பாயை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

சேலத்தில் எங்களிடம் வந்த மூன்று சிலிண்டர் சிறிய கார் ஒன்றுக்கு, வேறொரு பட்டறையில் சில மாதங்களுக்கு முன்புதான் புதிய கன்வெர்ட்டர் போட்டிருந்தார்கள். மீண்டும் செக் லைட் எரிந்தது, பிக்கப்பும் குறைந்திருந்தது. சமதளத்தில் ஓட்டிப் பார்த்தபோது என்ஜினில் எந்தக் குறையும் தெரியவில்லை, ஏ.சி.யைப் போட்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏற்றியபோதுதான் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் ஓர் இக்னிஷன் காயில் சுமை தாங்காமல் விட்டுவிட்டு வேலை செய்வது தெரிந்தது. மூன்று சிலிண்டரில் ஒன்று எரியாமல் போனால், உள்ளே செல்லும் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே கன்வெர்ட்டருக்குப் போகிறது. கழற்றிப் பார்த்தபோது புதிய கன்வெர்ட்டரின் முகப்பு உருகிப்போயிருந்தது. காயிலின் விலை கன்வெர்ட்டரின் விலையில் ஒரு சிறு பகுதிதான்; அந்தக் குடும்பமோ இரண்டு கன்வெர்ட்டருக்குப் பணம் கொடுத்தது.

ஆகவே முதலில் பி 0300 தொடங்கி வரும் மிஸ்ஃபயர் குறியீடுகள் நிலுவையில் உள்ளனவா என்று பாருங்கள். பிறகு ஃப்யூவல் டிரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு), அதன்பின் குழாயில் கசிவு, அதன்பின் ஆயிலும் கூலன்ட்டும் குறைகின்றனவா என்று கார்க்காரரிடமே கேளுங்கள். கடைசியாக, என்ஜினை நன்கு சூடாக்கி, 2,500 ஆர்.பி.எம்.மில் சில நிமிடங்கள் நிறுத்தி, இரு சென்சார்களின் நேரடி அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். செக் லைட் நிலையாக எரியாமல் மினுக்கினால், கன்வெர்ட்டரைப் பாதிக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். அந்தக் காரை மேலும் ஓட்ட விடாதீர்கள்.

ஸ்பார்க்கை நிறுத்திச் சிலிண்டரைச் சோதிப்பது

கார்புரேட்டர் காலத்தில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்த பழக்கம் இது. இன்று அப்படிச் செய்தால் சோதனையே கன்வெர்ட்டருக்குள் பெட்ரோலை ஊற்றுகிறது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிச் சோதியுங்கள். அப்போது அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் நின்றுவிடும், காற்று மட்டுமே வெளியே போகும்.

அடைப்பை ஊகத்தால் முடிவு செய்வது

வேகம் ஏறவில்லை என்றவுடன் கன்வெர்ட்டரில் அடைப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜைப் பொருத்தினால் விடை கிடைத்துவிடும். ஐடிலில் ஒரு பி.எஸ்.ஐ. அளவிலும், 2,500 ஆர்.பி.எம்.மில் மூன்று பி.எஸ்.ஐ.க்குக் கீழேயும் இருந்தால் வழி திறந்திருக்கிறது. அதற்கு மேல் ஏறினால் மட்டுமே கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும், அப்போதும் பின்னால் உள்ள சைலன்சர் அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே.

உள்ளே இருப்பதை உடைத்து வெறும் குழாயாக்குவது

செய்யாதீர்கள். சட்டப்படியும் குற்றம்.

டேங்கில் ஊற்றும் கிளீனரை நம்புவது

உருகிய பீங்கானை எந்தத் திரவமும் மீட்காது.

லைட்டை அணைத்துவிட்டுக் காரை ஒப்படைப்பது

குறியீட்டை அழித்தாலோ பேட்டரி வயரைக் கழற்றினாலோ லைட் அணையும், ஆனால் கன்வெர்ட்டர் மானிட்டரும், அதாவது கன்வெர்ட்டரைக் கணினி தானே செய்துபார்க்கும் சோதனையும், பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நகரச் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டி, ஸ்கேனரில் அந்த மானிட்டர் முடிந்துவிட்டதாகக் காட்டிய பிறகே சாவியைக் கொடுங்கள். அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும் என்பதைக் காரைப் பெற்றுக்கொள்ளும்போதே உரியவரிடம் சொல்லிவிடுங்கள்.