நாணயம் போட்டால் ஆடும் குதிரையில் ஏற்றும் முன்

சூப்பர் மார்க்கெட் வாசலிலும் ஜவுளிக்கடை மாடியிலும் நிற்கும் குதிரை, கார், ஹெலிகாப்டர் சவாரிகளை நாம் பொம்மைகளாகவே பார்க்கிறோம். அவை மோட்டாரும் கியரும் 230 வோல்ட் மின்சாரமும் கொண்ட இயந்திரங்கள். ராட்டினம் என்றால் அதை இயக்க ஓர் ஆள் இருக்கிறார். கம்பியைப் பூட்டுகிறார், குழந்தை எழுந்து நின்றால் நிறுத்துகிறார். இங்கே அந்த ஆள் கிடையாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டம், ஆள் இல்லாமல் ஓடும் நாணயச் சவாரிகளை ‘கேளிக்கைச் சவாரி’ என்ற வரையறையிலேயே சேர்ப்பதில்லை. அந்த ஆள் செய்ய வேண்டியதையெல்லாம் பெற்றோரும் கடைக்காரரும்தான் செய்தாக வேண்டும். ஆனால் கடைக்காரர் பார்த்திருப்பார் என்று பெற்றோர் நம்புகிறார்கள். இயந்திரத்தை வைத்துவிட்டுப் போனவர் பார்ப்பார் என்று கடைக்காரர் நம்புகிறார். அவரோ காசுப்பெட்டியைத் திறப்பதற்கு மட்டும் வந்துபோனால், அதைப் பார்க்க ஒருவருமே இல்லை.

பளபளப்பான மேல்பகுதியைப் பார்த்துத் திருப்தியடைவது பொதுவான தவறு. குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். மோட்டாரின் வேகத்தை கியர் பாக்ஸ் குறைக்க, அதில் பூட்டிய கிராங்க் என்ற வளைந்த தண்டு குதிரையை மேலும் கீழும் ஆட்டுகிறது. குதிரை எழும்போது பீடத்துக்கு மேலே ஒரு சந்து திறக்கும், இறங்கும்போது மூடும். அசைவு மெதுவாக இருப்பதால் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் கியர் வேகத்தைக் குறைக்கும்போது விசையைக் கூட்டிவிடுகிறது. நடுவில் ஒரு விரல் இருந்தாலும் மோட்டார் நிற்காது. சவாரி செய்யும் குழந்தையின் கை மேலே பிடியில் இருக்கும். தன் முறைக்காகப் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தம்பியின் கைதான் அந்தச் சந்துக்குள் போகும். ஆகவே காத்திருக்கும் குழந்தையையும் தள்ளி நிறுத்த வேண்டும்.

இயந்திரங்களில் உடலுறுப்புகள் நசுங்காமலிருக்க விரலுக்கு 25, விரல் மடக்கிய கைக்கு 100, பாதத்துக்கு 120 மில்லிமீட்டர் இடைவெளி குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 13854 என்ற சர்வதேசத் தரநிலை. குதிரை முழுவதும் இறங்கிய நிலையிலும் அவ்வளவு இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சந்தினுள் கை நுழையாதபடி மூடியிருக்க வேண்டும். பழுது பார்க்கும்போது கழற்றிய மூடியை மூலையில் சாய்த்துவிட்டு, “நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம்” என்று இயந்திரத்தை ஓட விடுவதை மன்னிக்க முடியாது.

அடுத்தது மின்சாரம். இங்கே தவறான நம்பிக்கைகள் அதிகம். “எம்சிபி போட்டிருக்கிறோம், பயமில்லை” என்பது அவற்றில் முதலாவது. எம்சிபி என்பது அதிகச் சுமையோ ஷார்ட் சர்க்யூட்டோ வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச். 16 ஆம்பியர் எம்சிபிக்கு, இயந்திரத்தின் இரும்பு உடலில் கசியும் 0.1 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் (0.03 ஆம்பியர்) அளவுள்ளதைப் பொருத்த வேண்டும். அதிலுள்ள ‘டி’ பொத்தானை மாதம் ஒருமுறையாவது அழுத்தினால், அது துண்டிக்கிறதா என்பது தெரியும். ஆனால் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது. எர்த் அறுந்து கிடந்தாலும் பொத்தான் வேலை செய்யும். எர்த்தை எலக்ட்ரீஷியன் கருவி வைத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகினால் எர்த் இணைப்பே போய்விடும். எக்ஸ்டென்ஷன் வயரை மிதியடிக்கு அடியில் ஓட்டுவது, இயந்திரம் ஓடும்போதே தரையை ஈரத்துணியால் துடைப்பது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதைத் தாழ்வாரத்திலேயே விட்டுவைப்பது எல்லாம் அதே வகைத் தவறுகள்தான். கடலோர ஊர்களில் உப்புக்காற்று போல்ட்டுகளையும் எர்த் இணைப்பையும் சீக்கிரம் அரித்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தை “எறும்பு கடிக்கிறது”, “ஊசி குத்துகிறது” என்று சொன்னால் அடம் என்று எண்ணாதீர்கள். ஷாக் என்று சொல்ல அதற்குத் தெரியாது. உடனே சுவிட்சை அணைத்து, அதன் பிறகு குழந்தையை இறக்குங்கள், கடைக்காரரை அழைத்துச் சொல்லுங்கள். ‘பழுது’ என்று தாளில் எழுதி ஒட்டினால் போதும் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு அது எச்சரிக்கை ஆகாது. பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் முறை.

பெற்றோர் நாணயம் போடுவதற்கு முன்பே நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று கண்டுபிடித்துவிட வேண்டும். சுவிட்சும் இல்லை, பிளக்கும் எட்டாது என்றால் ஏற்றாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை. ஒருவர் உட்காரும் இருக்கையில் அண்ணனையும் தங்கையையும் சேர்த்து உட்கார வைப்பது, தானாக நிமிர்ந்து உட்காராத கைக்குழந்தையை ஏற்றுவது, படமெடுக்கப் பின்னால் நகர்ந்து போவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பாவாடை, துப்பட்டா எதுவும் கீழே தொங்கக் கூடாது. ஆட்டம் முழுவதும் நின்ற பிறகே இறக்க வேண்டும். இறங்கத் துடிக்கும் குழந்தை நடுவில் கால் வைப்பது அந்தச் சந்தின் மேல்தான்.

கடைக்காரர் தினமும் திறந்தவுடன் குழந்தை இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ‘கடக்’ என்ற சத்தம் வந்தால் பேரிங்கோ போல்ட்டோ தளர்ந்திருக்கலாம். கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், ஃபைபர் உடலில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விரிசலின் மேல் பெயின்ட் அடித்தால் கூர்மை போகாது. பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இயந்திரம் வேறொருவருடையது என்றால், சந்தேகம் வந்த நிமிடமே அதை நிறுத்தும் உரிமை கடைக்கு உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

பழைய இயந்திரத்தை விலை குறைவு என்று வாங்குபவர்கள் வோல்ட், வாட், எடை வரம்பு பொறித்த தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய சவாரிகள் உட்பட கேளிக்கை இயந்திரங்களின் மின் பாதுகாப்புக்கு ஐஇசி 60335-2-82 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன்படி தயாரித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். தகடும் கையேடும் இல்லாத இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.