எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கருக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பொருத்துவது எப்படி?

ஸ்பீக்கரின் முதுகில் '8 ஓம்' என்று ஒட்டியிருக்கும். சாதாரணக் கூம்பு ஸ்பீக்கர் என்றால் அதை ஓரளவு நம்பலாம். எலக்ட்ரோஸ்டாட்டிக் என்றால் அந்த எண்ணை மறந்துவிட்டுத் தொடங்குங்கள். என் முதல் ஜோடியைக் கையிலிருந்த ஆம்பில் மாட்டினேன். செல்லோ, குரல் எல்லாம் அருமை. சிம்பல் ஓங்கி ஒலித்ததும் 'டிக்' என்று ஆம்பின் பாதுகாப்பு ரிலே விழுந்து சத்தம் நின்றுவிட்டது. பழுது ஒன்றுமில்லை, ஆம்பும் ஸ்பீக்கரும்தான் பொருந்தவில்லை.

உள்ளே இருப்பது இதுதான்: சில மைக்ரான் தடிமனே உள்ள பிளாஸ்டிக் படலம், அதற்கு இருபுறமும் துளையிட்ட உலோகத் தகடுகள். இரண்டு தகடு, நடுவே இடைவெளி என்றாலே அது கெப்பாசிட்டர்தான். அதிர்வெண் இரட்டித்தால் அதன் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் தடை, ஓமில்) பாதியாகிவிடும்.

படி 1: காகிதத்தில் கணக்கு

அந்தத் தகடு-படலப் பேனல் 1 நானோஃபாரட், ஆம்பின் வோல்டேஜை அதற்கு உயர்த்தித்தரும் உள் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம் 1:100 என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப் பக்கமிருந்து பார்த்தால் கெப்பாசிடன்ஸ் விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது 10,000 மடங்கு பெருகி, 10 மைக்ரோஃபாரட் ஆகத் தெரியும். இப்போது 1 ÷ (2π × அதிர்வெண் × கெப்பாசிடன்ஸ்) போட்டுப் பாருங்கள்:

100 ஹெர்ட்ஸ்: 159 ஓம்
1 கிலோஹெர்ட்ஸ்: 16 ஓம்
10 கிலோஹெர்ட்ஸ்: 1.6 ஓம்
20 கிலோஹெர்ட்ஸ்: 0.8 ஓம்

டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த குணங்களால் நிஜ அளவு, குறிப்பாக அடி அதிர்வெண்களில், இதிலிருந்து விலகும். ஆனால் மேலே போகப்போகச் சரிவது மாறாது. ஓம் சரியச் சரிய ஆம்ப் அதிக மின்னோட்டம் தரவேண்டும், சிம்பலில் ரிலே விழுந்தது அதனால்தான்.

படி 2: அளந்து பார்ப்பது

பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே சில ஆயிரம் வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். வெளி டெர்மினலே நமக்குப் போதும்.

ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள். ஃபோன் ஆப் ஒன்றில் சைன் அலை ஓடவிட்டு, வால்யூமைக் குறைவாகவே வையுங்கள். ரெசிஸ்டரின் குறுக்கே ஒரு அளவு, ஸ்பீக்கரின் குறுக்கே ஒரு அளவு. ரெசிஸ்டரில் 1 வோல்ட், ஸ்பீக்கரில் 0.16 வோல்ட் வந்தால், 10 × 0.16 ÷ 1 = 1.6 ஓம்.

மலிவான மல்டிமீட்டர்கள் பல, சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் தப்பாகக் காட்டும். கவலை வேண்டாம். ரேஞ்சை மாற்றாமல் இரண்டையும் அளந்தால் இரண்டு தப்பும் ஒரே விகிதத்தில் இருக்கும், வகுக்கும்போது அடிபட்டுவிடும்.

படி 3: ஆம்பைத் தேர்வது

இங்கேதான் பலரும் வாட்ஸைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கெப்பாசிட்டர் வாங்கும் மின்னாற்றலைச் செலவழிப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடும். அதனால் வரும் சூடு முழுக்க ஆம்பின் டிரான்சிஸ்டர்கள் தலையில்தான் இறங்கும். அதனால் 2 ஓமிலும் தடுமாறாத, கெப்பாசிட்டர் சுமையில் தானாகவே அலையத் தொடங்காத (ஆசிலேட் ஆகாத) ஆம்ப்தான் வேண்டும். இசையில் உச்ச அதிர்வெண்களின் பங்கு குறைவு என்பதால்தான் பல ஆம்புகள் இதில் தப்பிக்கின்றன.

டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய் உள்ள வால்வு ஆம்பில் வேறு கதை. அது மிரளாது, ஆனால் அதன் வெளியீட்டு இம்பிடன்ஸ் 2 ஓம் என்றால் நம் உதாரண ஸ்பீக்கரில் 10 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் காணாமல் போகும். 4 ஓம் டேப் (பின்னால் 4 ஓம் என்று குறித்த ஸ்பீக்கர் இணைப்பு) இருந்தால் முதலில் அதில் கேட்டுப் பாருங்கள்.

படி 4: 1 ஓம் வைத்தியம்

ரிலே விழுந்துகொண்டே இருந்தால் தொடரில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஆம்ப் பார்க்கும் சுமை அதற்குக் கீழே இறங்காது. விலை: 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1.4 டெசிபல், 20-இல் 4 டெசிபல். என் காதுக்கு முதலாவது சற்றே தெரியும், இரண்டாவது தெரியவே தெரியாது.

படி 5: முதல் முறை ஓட்டும்போது

ஸ்பீக்கரின் மின்னேற்றம் நிரம்பச் சற்று நேரம் கொடுங்கள். பிறகு பாட்டு எதுவும் போடாமல் பத்து நிமிடம் விட்டு, ஆம்பின் ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் இருந்ததைவிடச் சூடாக இருந்தால், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே அலைந்துகொண்டிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். 1 ஓம் போட்ட பிறகும் அப்படியே இருந்தால் அந்த ஆம்ப் இந்த ஸ்பீக்கருக்கு ஆகாது.